முதுகுப்பையில் ஒரு ஸ்கோப்: நடந்து போய்ப் பறவை பார்ப்பவர்களுக்கு

அக்டோபர் பிறந்துவிட்டால் நம் ஊர்ச் சேற்றுக்கரைகளில் சாம்பல் நிறச் சின்னப் பறவைகள் கூட்டம் கூட்டமாக ஓடத் தொடங்கும். எட்டு மடங்கு பைனாகுலரில் பார்த்தால் எல்லாம் ஒன்று போலவே இருக்கும். பெரும்பாலும் அவை கொசு உள்ளான்கள். சிட்டுக்குருவி அளவுதான், கால் கறுப்பு. அந்தக் கூட்டத்துக்குப் பக்கத்தில், கால் மட்டும் மஞ்சள் கலந்த பச்சையாக, டெமிங்க் கொசு உள்ளான் ஒன்று தனியாக மேய்ந்துகொண்டிருக்கலாம். காலின் நிறம் தெரிந்தால் பெயர் தெரிந்துவிடும். எண்பது மீட்டருக்கு அப்பால் நிற்கிற, பென்சில் முனையைவிடச் சற்றே தடித்த அந்தக் காலைப் பார்க்கத்தான், ட்ரைபாடில் (முக்காலியில்) நிறுத்தி ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப் வேண்டியிருக்கிறது.

பேருந்தில் ஏறி இறங்கி, கரையில் இரண்டு மூன்று மணி நேரம் நடந்து, தண்ணீர் பாட்டிலையும் சாப்பாட்டையும் தானே சுமந்துகொண்டு பறவை பார்ப்பவருக்காக இதை எழுதுகிறேன். கார் வைத்திருப்பவர் பெரிய ஸ்கோப்பே வாங்கிக்கொள்ளலாம். நடப்பவருக்குச் சின்ன ஸ்கோப்தான் சரி என்பது என் முடிவு. எடை மட்டும் அதற்குக் காரணம் இல்லை, நம் ஊர் வெயிலும் ஒரு காரணம். அதைக் கீழே விளக்குகிறேன்.

முதலில் ஒன்று. உங்களிடம் பைனாகுலர் இல்லையென்றால் ஸ்கோப் வாங்காதீர்கள். பறவை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது பைனாகுலரின் வேலை. கண்டுபிடித்ததை நின்று நிதானமாகப் பார்ப்பது ஸ்கோப்பின் வேலை. ஒரு 8×42 பைனாகுலரோடு ஒரு குளிர்காலம் முழுக்கச் சுற்றுங்கள். "இன்னும் கொஞ்சம் கிட்டே தெரிந்தால் நன்றாயிருக்குமே" என்று எத்தனை முறை தோன்றுகிறது என்று பாருங்கள். வேடந்தாங்கலில் கரையில் நின்று கூழைக்கடாவும் கரண்டிவாயனும் பார்க்க மட்டுமே போகிறவர் என்றால் பைனாகுலரே போதும். பள்ளிக்கரணை, கோடியக்கரை, தனுஷ்கோடி என்று திறந்த வெளியில் தூரத்துக் கரைப்பறவைகளைத் தேடுபவர் என்றால் ஸ்கோப் இல்லாமல் பாதிப் பறவைகளுக்குப் பெயர் சொல்ல முடியாது. பழவேற்காட்டில் படகேறிப் பார்ப்பதாக இருந்தால் ஸ்கோப்பைக் கரையிலேயே விட்டுவிடுங்கள். ஆடும் படகில் இருபது மடங்கு பெருக்கினால் ஆட்டமும் இருபது மடங்காகிவிடும்.

எண்களைப் படிப்பது

ஸ்கோப்பின் மேல் 15-45×60 என்று எழுதியிருக்கும். முதல் இரண்டு எண்களும் உருப்பெருக்கம்: பதினைந்து மடங்கிலிருந்து நாற்பத்தைந்து மடங்கு வரை. கடைசி எண் முன்னால் இருக்கும் பெரிய லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். சின்ன ஸ்கோப் என்று நாம் சொல்வது 50 முதல் 65 மி.மீ. வரை. பெரியவை 80, 85, அதற்கும் மேல்.

புதிதாக வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது உருப்பெருக்கத்தை. முதலில் பார்க்க வேண்டியது கடைசி எண்ணை. ஏன் என்பதற்கு ஒரு சின்ன வகுத்தல் கணக்கு உண்டு. லென்ஸ் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், உங்கள் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 60 மி.மீ. லென்ஸில் இருபது மடங்கு வைத்தால் 3 மி.மீ. அதே லென்ஸில் அறுபது மடங்கு வைத்தால் 1 மி.மீ.தான். இதை நேரிலேயே பார்க்கலாம். ஸ்கோப்பை வானத்தின் பக்கம் திருப்பி (சூரியன் பக்கம் ஒருபோதும் வேண்டாம்), கண் வைக்கும் இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி நின்று பாருங்கள். ஐபீஸின் (கண் வைக்கும் பக்கத்து லென்ஸின்) நடுவில் வெளிச்சமான ஒரு சின்ன வட்டம் தெரியும். உருப்பெருக்கத்தை ஏற்ற ஏற்ற அந்த வட்டம் சுருங்கிக்கொண்டே போய் ஒரு புள்ளியாகிவிடும். நல்ல வெயிலில் நம் கண்மணி இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் திறந்திருக்கும். அதனால் பகலில் 2 மி.மீ. வட்டமே தாராளம். 50 மி.மீ. ஸ்கோப்பில் இருபத்தைந்து மடங்கு வைத்தால் சரியாக அந்த அளவுதான் வரும்.

விளம்பரங்களில் நூறு மடங்கு, இருநூறு மடங்கு என்று கைக்குள் அடங்கும் குழல்களைக் காட்டுவார்கள். மேலே சொன்ன வகுத்தலைப் போட்டுப் பார்த்தாலே போதும், பக்கத்தை மூடிவிடுவீர்கள்.

கானல் என்ற எல்லை

சின்ன ஸ்கோப் வாங்கினால் எதையோ இழந்துவிடுவோம் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. எனக்கும் இருந்தது. நான் முதலில் இணையத்தில் பார்த்து வாங்கியது 20-60×80, விலை குறைந்த ஒன்று. ட்ரைபாடோடு சேர்த்து நாலு கிலோ. வேதாரண்யத்தில் இறங்கி, அதைத் தோளில் போட்டுக்கொண்டு உப்பளக் கரையில் நடந்தேன். ஒன்பதரை மணிக்கு ஒரு பூநாரைக் கூட்டம் தெரிந்தது. ஆவலோடு அறுபது மடங்குக்குத் திருப்பினேன். பறவைகள் தண்ணீருக்குள் இருந்து தெரிவது போல நெளிந்தன. கழுத்து எது, கால் எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஸ்கோப் கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன். முப்பதுக்கு இறக்கியதும் ஓரளவு நின்றது. அலகில் கருஞ்சிவப்பு அதிகமாக இருந்தால் சிறிய பூநாரை, வெளிர் சிவப்பில் நுனி மட்டும் கறுப்பாக இருந்தால் பெரிய பூநாரை. முப்பது மடங்கில்தான் அதைப் பார்த்துச் சொல்ல முடிந்தது.

கெட்டது ஸ்கோப் இல்லை. வெயில் ஏறியதும் சூடான தரையிலிருந்து எழும் காற்று, அடுக்கடுக்காக அடர்த்தி மாறி, ஒளியை வளைக்கிறது. தார்ச் சாலையில் தெரியும் அதே கானல்தான். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் இதைச் சரிசெய்யாது. உருப்பெருக்கத்தை ஏற்றினால் நெளிவும் சேர்ந்து பெருகும். கடலோரச் சமவெளியில் காலை ஒன்பது மணிக்கு மேல் பெரும்பாலான நாட்களில் இருபத்தைந்து, முப்பது மடங்குக்கு மேல் பயன் இல்லை என்பது என் அனுபவம். பெரிய லென்ஸின் முழுப் பலனும் கிடைப்பது அதிக உருப்பெருக்கத்திலும் மங்கல் வெளிச்சத்திலும்தான். முதலாவதை வெயில் பறித்துக்கொள்கிறது. இரண்டாவது விஷயத்தில் மட்டும் பெரிய ஸ்கோப்புக்கு மரியாதை கொடுத்தே ஆக வேண்டும். 80 மி.மீ. லென்ஸ் 50 மி.மீ. லென்ஸைப் போல இரண்டரை மடங்கு ஒளி வாங்கும். விடியற்காலை ஆறு மணிக்கும் மாலை மங்கும் நேரத்திலும் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். அந்த அரை மணி நேரத்துக்காக நாலு கிலோ சுமப்பீர்களா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நான் மூன்று முறை சுமந்தேன். அப்புறம் அது அலமாரிக்குப் போய்விட்டது.

எடையைக் கூட்டிப் பார்ப்பது

கடையில் கிடைக்கும் சின்ன ஸ்கோப்புகளில் சில, அமெரிக்காவின் மேற்கு மலைகளில் கூடாரத்தையும் சாப்பாட்டையும் முதுகில் கட்டிக்கொண்டு பல நாள் நடக்கும் வேட்டைக்காரர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குத் தடை. ஆனாலும் ஒவ்வொரு கிராமையும் எண்ணிச் சுமப்பதில் அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஸ்கோப்பை மட்டும் தனியாக எடை பார்க்கக் கூடாது என்பது அதில் முக்கியமானது. ஸ்கோப், ட்ரைபாட், ட்ரைபாடின் தலை, உறை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுத் தராசில் வையுங்கள். இரண்டு கிலோவுக்குள் வந்தால் நாள் முழுக்க நடக்கலாம். மூன்றைத் தாண்டினால் மதியத்துக்கு மேல் பையை இறக்கி வைக்க நிழல் தேடுவீர்கள்.

ஸ்கோப்பில் பணத்தைக் கொட்டிவிட்டு ட்ரைபாடுக்கு மிச்சம் வைக்காமல் இருப்பது, புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. நானும் செய்தேன். கல்யாண வீடியோக்காரர்கள் தூக்கிப்போட்ட மாதிரி ஒரு ட்ரைபாட், பிளாஸ்டிக் தலை. பறவையை நடுவில் வைத்துக் கைப்பிடியைத் திருகி இறுக்குவேன். கையை எடுத்ததும் ஸ்கோப் மூக்கைத் தொங்கப்போடும், பறவை மேலே போய்விடும். சற்று மேலே குறிவைத்து இறுக்கி, அது தானாக இறங்கிப் பறவையில் வந்து நிற்க வேண்டும் என்று ஒரு முழுக் காலத்தையும் ஓட்டினேன். நீங்கள் அப்படி ஓட்ட வேண்டாம். கடையில் ஸ்கோப்பைப் பொருத்தி, தூரத்தில் ஏதாவது ஒரு புள்ளியில் வைத்து, இறுக்கி, கையை எடுங்கள். புள்ளி நகராமல் நின்றால் அந்தத் தலையை வாங்கலாம். மேலும் கீழும் பக்கவாட்டிலும் எண்ணெய் போட்டது போல மெதுவாக நகரும் தலையாக இருக்க வேண்டும். இதைத்தான் ஃப்ளூயிட் ஹெட் என்கிறார்கள். புகைப்படக்காரர்கள் வைத்திருக்கும் உருண்டைத் தலை, ஓடும் பறவையைத் தொடர உதவாது.

சின்ன ஸ்கோப்பின் பெரிய லாபம் இங்கேதான் இருக்கிறது. அரைக் கிலோ ஸ்கோப்பைத் தாங்க ஒன்றேகால் கிலோ ட்ரைபாடே போதும். இரண்டு கிலோ ஸ்கோப் என்றால் ட்ரைபாடும் இரண்டு, இரண்டரைக் கிலோ ஆகும். ஒன்றில் குறைத்தால் இரண்டிலும் குறைகிறது.

கடற்கரைக் காற்றில் லேசான ட்ரைபாட் ஆடும். நடுத் தண்டை உயர்த்தாதீர்கள், ஆட்டத்துக்கு முதல் காரணம் அதுதான். கால்களைக் குட்டையாக விரித்து, வரப்பில் உட்கார்ந்து பாருங்கள். பறவைகளும் உங்களைக் கண்டு அவ்வளவாக மிரளாது. நடுத் தண்டில் பையைத் தொங்கவிடலாம், ஆனால் பையின் அடி தரையைத் தொட வேண்டும். அந்தரத்தில் தொங்கும் பை ஊஞ்சல் போல ஆடி இருப்பதையும் கெடுக்கும்.

வளைந்ததா, நேரானதா

கண் வைக்கும் பகுதி 45 பாகை மேல்நோக்கி வளைந்திருப்பது ஒரு வகை. குழல் போல நேராக இருப்பது இன்னொரு வகை. வளைந்ததை வாங்குங்கள். குனிந்தபடி மேலிருந்து பார்ப்பதால் ட்ரைபாடைக் குட்டையாகவே வைக்கலாம், காற்றாட்டம் குறையும். உங்களோடு வரும் சின்னப் பிள்ளையும் உயரமான நண்பரும் அதே உயரத்தில் வைத்துப் பார்க்க முடியும். மரத்தின் உச்சியில் இருப்பதைப் பார்க்கக் கழுத்தை ஒடிக்க வேண்டாம். மலைச் சரிவின் மேலிருந்து கீழே பார்ப்பவர்களுக்கும், கார் கண்ணாடியில் பொருத்திப் பார்ப்பவர்களுக்கும் நேரானது வசதி. வால்பாறைப் பக்கம் வரையாடு பார்க்கப் போகிறவர்களில் சிலர் அதற்காக நேரானதையே விரும்புகிறார்கள். வளைந்ததில் பறவையைக் கண்டுபிடிக்க முதல் வாரம் தடுமாறுவீர்கள். அதற்கு ஒரு வழியைக் கடைசியில் சொல்கிறேன்.

கண்ணாடியின் தரம்

ஈடி என்று எழுதியிருக்கும் ஸ்கோப்புகளில் நிறங்களை அதிகம் பிரித்துவிடாத தனிக் கண்ணாடி இருக்கும். அது இல்லாவிட்டால் என்ன ஆகும்? வெயிலில் நிற்கும் ஒரு வெள்ளைக் கொக்கைப் பாருங்கள். கழுத்தின் ஒரு ஓரத்தில் ஊதா, மறு ஓரத்தில் பச்சை என்று மெல்லிய கோடு ஓடும். கொக்குக்கு அது பெரிய நஷ்டம் இல்லை. கொசு உள்ளானின் காலுக்குப் பெரிய நஷ்டம். மெல்லிய கால் முழுவதையும் அந்த ஊதாப் பச்சைக் கோடே மூடிவிட்டால், கால் கறுப்பா பச்சையா என்று எதை வைத்துச் சொல்வது? அதனால், பட்ஜெட்டில் ஒன்றை விட வேண்டும் என்றால் லென்ஸ் அளவை விடுங்கள், ஈடியை விடாதீர்கள். ஈடி இல்லாத 80-ஐவிட ஈடி உள்ள 50 எவ்வளவோ மேல்.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர் என்றால் இன்னொரு எண்ணையும் பார்க்க வேண்டும். ஐபீஸிலிருந்து எவ்வளவு தூரத்தில் கண் இருந்தால் முழுக் காட்சியும் தெரியும் என்று விவரத்தாளில் போட்டிருப்பார்கள். அது 15 மி.மீ.க்குக் குறைந்தால் கண்ணாடியோடு பார்க்கும்போது சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பது போலிருக்கும். சின்ன ஸ்கோப்புகள் பலவற்றின் பலவீனம் இது.

சில மாடல்களைச் சொல்ல வேண்டுமென்றால்: கோவா டிஎஸ்என்-501 வளைந்த வகை, 20-40×50, சுமார் 400 கிராம். இவ்வளவு லேசாக வேறு கிடைப்பது அரிது. நிக்கான் ஈடி50 ஐபீஸ் இல்லாமல் அரைக் கிலோவுக்கும் குறைவு. ஈடி கண்ணாடி, ஐபீஸைக் கழற்றி மாற்றலாம். பழையது நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். செலஸ்ட்ரான் ஹம்மிங்பேர்ட் 9-27×56 ஈடி கண்ணாடியோடு வருகிறது, தொடங்குகிறவருக்கு ஏற்ற உருப்பெருக்கம். வோர்டெக்ஸ் ரேஸர் 11-33×50 சுமார் 700 கிராம். ஸ்வரோவ்ஸ்கி 2022-இல் கொண்டுவந்த ஏடிசி 17-40×56 ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, விலை லட்சத்தைத் தாண்டும். கவனித்துப் பாருங்கள், இவற்றில் எதுவும் அறுபது மடங்கு வரை போகவில்லை. செய்கிறவர்களுக்கே தெரியும், இந்த அளவு லென்ஸுக்கு அது தேவையில்லை என்று.

வாங்குமுன் சோதிப்பது

முடிந்தால் யாரிடமாவது இருக்கும் ஸ்கோப்பில் ஒரு காலைப் பொழுது பார்த்துவிட்டு வாங்குங்கள். பறவை பார்ப்பவர்கள் ஸ்கோப் காட்ட மறுக்கமாட்டார்கள். கடையில் என்றால் உள்ளே வைத்துப் பார்க்காதீர்கள், வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். வானத்தை ஒட்டித் தெரியும் ஒரு மின்கம்பி, எதிர் வரிசைக் கடைப் பலகையின் மிகச் சின்ன எழுத்து, இரண்டும் போதும். கம்பியின் ஓரத்தில் ஊதா தெரிகிறதா பாருங்கள். எழுத்தைக் குறைந்த உருப்பெருக்கத்தில் படியுங்கள், அப்புறம் மெதுவாக ஏற்றுங்கள். எந்த இடத்துக்கு மேல் எழுத்து பெரிதாகிறதே தவிரத் தெளிவாகவில்லையோ, அதுதான் அந்த ஸ்கோப்பின் உண்மையான எல்லை. ஃபோகஸ் சக்கரம் கூர்மையான இடத்தில் பளிச்சென்று நிற்க வேண்டும். "இங்கேயா, இன்னும் கொஞ்சமா" என்று முன்னும் பின்னும் தேட வைத்தால் அந்த ஸ்கோப்பை விட்டுவிட்டு அதே மாடலில் இன்னொன்றைக் கேளுங்கள்.

மழையும் பூஞ்சையும்

வலசைப் பறவைகள் வரும் பருவமும் வடகிழக்குப் பருவமழையும் நம்மிடம் ஒன்றாகவே வருகின்றன. அதனால் நீர் புகாத, உள்ளே ஆவி படியாமல் இருக்க நைட்ரஜன் நிரப்பிய ஸ்கோப் நமக்கு அவசியம். கடலோர ஈரத்தில் லென்ஸுக்குள் சிலந்திவலை போலப் பூஞ்சை படரும். படர்ந்துவிட்டால் சுத்தம் செய்ய நிறையச் செலவாகும். வீட்டுக்கு வந்ததும் உறையிலேயே போட்டு மூடிவைக்காதீர்கள். மின்விசிறிக் காற்றில் ஒரு ராத்திரி ஆறவிட்டு, இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் இரும்புச் சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்து மறுபடி பயன்படுத்தலாம்.

உப்பளத்துக்குப் போய்வந்தால் லென்ஸின் மேல் உப்பும் மணலும் படிந்திருக்கும். சட்டை நுனியால் துடைத்தால் மணல் கோடு போட்டுவிடும். முதலில் ஊதுகுழலால் ஊதி, பிறகு மென்தூரிகையால் தட்டி, கடைசியாகத்தான் துணி. உடம்புப் பகுதியையும் ட்ரைபாட் கால்களையும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். ட்ரைபாடின் திருகுகள் துருப்பிடித்து இறுகிப்போவது உப்பால்தான்.

முதல் நாள்

களத்துக்குப் போகுமுன் மொட்டை மாடியில் இரண்டு நாள் பழகுங்கள். தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்திருக்கும் காக்கையை வெறுங்கண்ணால் பார்த்து, ஸ்கோப்பை அதன் பக்கம் திருப்பி, குறைந்த உருப்பெருக்கத்தில் தேடுங்கள். வளைந்த ஸ்கோப்பில் கிடைக்காமல் தடுமாறினால், கேபிள் கட்டும் பிளாஸ்டிக் பட்டையைக் குழலின் முன்பகுதியில் கட்டி, அதன் நுனி மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டிவிடுங்கள். அந்த நுனியைப் பறவைக்கு நேராகக் கொண்டுவந்தால் காட்சிக்குள் வந்துவிடும். துப்பாக்கிக் குறி மாதிரிதான். பார்க்காத கண்ணை மூடாதீர்கள், உள்ளங்கையால் மறைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்தில் கண் வலிப்பது மூடிய கண்ணால்தான்.

களத்தில், சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி இடம் தேர்ந்தெடுங்கள். காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள். வெயிலுக்கு எதிரே பார்த்தால் எந்த ஸ்கோப்பிலும் எல்லாப் பறவையின் காலும் கறுப்புதான்.

கடலோரத்தில் ஸ்கோப்போடு நிற்பவரை ஊர்க்காரர்கள் சந்தேகத்தோடு பார்ப்பது இயல்பு. அடையாள அட்டை கையில் இருக்கட்டும். காவல் சாவடி, படகுத்துறைப் பக்கம் ஸ்கோப்பைத் திருப்பாதீர்கள். யாராவது வந்து கேட்டால் விளக்கம் சொல்வதைவிட, ஒரு பறவையில் வைத்துக் காட்டிவிடுவது மேல். ஒருமுறை உப்பு வாரிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்து, "என்ன தம்பி பாக்குறீங்க?" என்று கேட்டார். பச்சைக்காலி ஒன்றில் வைத்துக் கொடுத்தேன். வெகுநேரம் நிமிரவில்லை. "தெனம் பாக்குற குருவிதான், கண்ணு சிமிட்டுறத இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார். அடுத்த பாத்தியில் கால்வளையம் போட்ட பறவை ஒன்று இரண்டு நாளாக மேய்கிறது என்று வழியும் காட்டினார்.

பறவை எங்கிருந்து எங்கே போகிறது என்று அறிய ஆராய்ச்சியாளர்கள் மாட்டிய வளையமோ நிறக்கொடியோ (சின்ன நிறப் பட்டை) அப்படிக் காலில் உள்ள பறவை கிடைத்தால் அவசரப்படாதீர்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது. வெளிநாடுகளில் வளையமிட்டவையும் இங்கே வருவதுண்டு. கொடியின் நிறம், அது எந்தக் காலில், கால் மூட்டுக்கு மேலா கீழா, எழுத்தோ எண்ணோ இருந்தால் அது என்ன என்று வரிசையாக நோட்டில் எழுதுங்கள். பறவை திரும்பும் வரை காத்திருந்து மறுபடி ஒருமுறை படித்துச் சரிபாருங்கள். ஐபீஸில் கைபேசியை வைத்து ஒரு படமும் எடுங்கள், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. தேதி, இடம், கூட வந்த பறவைகள் எல்லாவற்றையும் சேர்த்து அன்று இரவே கழகத்துக்கு எழுதி அனுப்பிவிடுங்கள்.